எழுத்தர் கையில் இடைக்கால ஆங்கிலம்



தமிழ் மொழியியல் படித்த ஒருவன் தமிழ் மேடையில் நின்று இடைக்கால ஆங்கில இலக்கியம் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஆங்கிலத்தை நாம் அலுவலகத்தின் மொழியாகவும் தேர்வின் மொழியாகவும் மட்டுமே கண்டு பழகியவர்கள். அதன் செல்வாக்கு அதனுடன் பிறந்தது போலவே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அம்மொழி தன் சொந்த மண்ணிலேயே ஏறத்தாழ 300 ஆண்டுகள் இலத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் அடுத்த மூன்றாம் இடத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் அதை எழுதியவர்கள் யார், எவருக்காக எழுதினார்கள், அவர்கள் எழுதியதை நாம் எப்படிப் படிக்க வேண்டும் என்பவையே இன்றைய உரையின் பொருள்.

பாடநூல்கள் இவ்வரலாற்றை நான்கு வரிகளில் சொல்லிவிடும். 1066இல் நார்மண்டிக் கோமகன் வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்றான்; பிரெஞ்சு மொழி அரியணை ஏறியது; ஆங்கிலம் உழவர் குடிசைக்குள் ஒதுங்கியது; 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் தோன்றி அதை மீட்டார். கதை அழகானது. நம் மனம் இத்தகைய மீட்பர்களை விரும்புகிறது. சாசர் பெருங்கவிஞர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் மொழியை மீட்டார் என்பதை மட்டும் நான் ஏற்பதில்லை. அவர் கைக்கு வந்து சேரும்வரை அம்மொழியை எழுத்தில் நிறுத்தியவர்கள் வேறு பலர். அவர்களுட் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நார்மன் படையெடுப்புக்கு முன் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துவழக்கு இருந்தது. வின்செஸ்டர் நகரைச் சார்ந்த மேற்குச் சாக்சன் வழக்கு அது. 1000ஆம் ஆண்டையொட்டி ஏல்ஃப்ரிக் என்னும் துறவி எழுதிய உரைநடை அதன் சிறந்த வடிவம். வேறு வட்டாரங்களில் வாழ்ந்தவர்களும் தாம் பேசியதை விட்டு இவ்வழக்கிலேயே எழுதினர். இதை நினைவில் வைத்துக்கொண்டு பீட்டர்பரோ மடாலயத்துக்குச் செல்வோம்.

1116இல் அம்மடாலயம் தீக்கிரையானது. எரிந்துபோன ஆண்டுக்குறிப்பு நூலுக்கு ஈடாகத் துறவியர் வேறிடத்திலிருந்து ஒரு படியை இரவல் பெற்று, 1121 வரையிலான குறிப்புகளைப் படியெடுத்தனர். படியெடுத்த அதே எழுத்தர் 1131 வரை தம் குறிப்புகளை அவ்வப்போது சேர்த்தார். பின்னர் 1154ஐயொட்டி இரண்டாம் எழுத்தர் ஒருவர், விடுபட்ட 1132 முதல் 1154 வரையிலான செய்திகளை ஒருசேர எழுதி முடித்தார். இன்று ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் உள்ள இச்சுவடியைப் புரட்டினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. படியெடுத்த பகுதியில் பழைய இலக்கணம் பெரும்பாலும் ஒழுங்காக நிற்கிறது. முதல் எழுத்தர் தாமே எழுதிய பகுதியில் வேற்றுமை விகுதிகள் தடுமாறுகின்றன. இரண்டாம் எழுத்தரின் பகுதியில் அவை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. பால் பாகுபாடும் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் பால் என்பது பொருளைப் பற்றியதன்று, சொல்லைப் பற்றியது. ஞாயிற்றைக் குறிக்கும் சொல் பெண்பால்; திங்களைக் குறிக்கும் சொல் ஆண்பால்; கல் ஆண்பால். பெண்ணைக் குறித்த 'விஃப்' என்னும் சொல்லோ இரண்டிலும் சேராத பொதுப்பால்! திணையும் பாலும் பொருளை நோக்கி அமையும் தமிழில் வளர்ந்தவருக்கு இது வேடிக்கையாகவே தோன்றும். இந்த அமைப்புக் கலைந்து, பொருள்நோக்கிய பாலுக்கு ஆங்கிலம் மாறியதைக் கண்ணெதிரே காட்டும் சுவடி இது. இன்றைய 'ஷீ' என்னும் பெண்பாற் சுட்டின் மிகப் பழைய எழுத்துச் சான்று இதன் 1140ஆம் ஆண்டுக் குறிப்பில்தான் கிடைக்கிறது.

இருபது முப்பது ஆண்டுகளில் ஒரு மொழி இவ்வளவு மாறுமா? மாறாது. மக்கள் வாயில் அம்மாற்றம் முன்பே நிகழ்ந்துகொண்டிருந்தது. எழுத்துவழக்கைக் கற்பித்த பள்ளி இருந்தவரை அது ஏட்டில் தெரியவில்லை. பள்ளி போயிற்று, எழுத்தர் தம் காதால் கேட்டதை எழுதினார். 1137ஆம் ஆண்டுக் குறிப்பில் குறுநிலத் தலைவர்கள் கோட்டை கட்டிக்கொண்டு குடிமக்களை வதைத்த கொடுமைகளை அவர் விவரிக்கிறார். பழைய உரைநடையின் செம்மை அதில் இல்லை. ஆனால் அந்த முரட்டு மொழியில் வரும் துயரம் இன்றும் படிப்பவரை உலுக்கும். அக்காலத்து ஆங்கில உரைநடையில் அதற்கு இணையான பகுதியை நான் படித்ததில்லை.

பள்ளி மறைந்ததன் விளைவை இன்னொரு கோணத்திலும் காணலாம். 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வூஸ்டர் பேராலயத்தில் ஒரு துறவி பழைய ஆங்கிலச் சுவடிகளை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் தெரியாது. அவர் கை நடுங்கியது. எழுத்துகள் இடப்புறம் சாய்ந்து அலைகின்றன. அதனால் அறிஞர்கள் அவரை 'வூஸ்டரின் நடுங்கும் கை' என்றே அழைக்கின்றனர். இருபதளவான சுவடிகளில் அவர் வரிகளுக்கிடையே பல்லாயிரம் சொற்பொருள் குறிப்புகளை எழுதியிருக்கிறார்; பெரும்பாலும் இலத்தீனில். தன் நாட்டு முன்னோர் எழுதிய தன் மொழியைப் படிக்க ஒருவர்க்கு அயல்மொழியில் அருஞ்சொற்பொருள் தேவைப்பட்டது. 1066க்கும் அவருக்கும் இடையே 200 ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை. மக்களுக்கு ஆங்கிலத்தில் கற்பித்த ஆசிரியர்கள் மறைந்துவிட்டனரே என்று இரங்கும் ஒரு செய்யுளும் அவர் கையெழுத்திலேயே கிடைத்துள்ளது.

இனி ஓர்ம். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த இந்த அகஸ்டீனியத் துறவி, விவிலியப் பகுதிகளை ஆங்கிலச் செய்யுளில் விளக்கி ஒரு நூல் செய்தார். தம் பெயராலேயே அதற்கு 'ஓர்முலம்' என்று பெயரிட்டார். எஞ்சியுள்ளவை ஏறத்தாழ 20,000 சிற்றடிகள். கவிதையாக நோக்கினால் அதை முழுதும் படிப்பது ஒரு தவம். அசை எண்ணிக்கை ஓரிடத்திலும் பிசகாது. ஓரிடத்திலும் உள்ளம் துள்ளாது. ஆயினும் மொழியியலாளர்க்கு அது புதையல். குறில் உயிருக்குப் பின் வரும் மெய்யை ஓர்ம் இரட்டித்து எழுதினார். ஆலயத்தில் வாய்விட்டுப் படிப்பவர் குறிலை நெடிலாக ஒலித்துவிடக் கூடாது என்னும் கவலையே அதற்குக் காரணம் என்று கருதலாம். ஓலையில் புள்ளியிடாமல் எழுதிய காலத்தில் எகரமா ஏகாரமா என்பதைப் படிப்பவரே உணர்ந்துகொள்ள வேண்டியிருந்ததை நினைத்தால், ஓர்மின் சிக்கல் நமக்கு உடனே விளங்கும். இந்நூலைப் படியெடுப்பவர், தாம் இரட்டித்த எழுத்துகளைத் தவறாமல் இரட்டித்தே எழுத வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். எவரும் படியெடுத்ததாகத் தெரியவில்லை. அவர் தம் கையால், திருத்தல்களும் ஒட்டுத் துண்டுகளுமாக எழுதிய ஒரே சுவடி மட்டும் நம்மை வந்தடைந்தது. எழுத்துச் சீர்திருத்தம் பேசுவோர் ஓர்மை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. முறை எவ்வளவு சீரியதாயினும், அதைக் கற்பிக்கப் பள்ளி இல்லாவிடில் அது ஒரு மனிதரோடு முடிந்துபோகிறது.

ஆயினும் எல்லா இடங்களிலும் பள்ளி அழிந்துவிடவில்லை. வேல்சு எல்லையை ஒட்டிய மேற்கு மாவட்டங்களில், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'ஆங்க்ரெனெ விஸ்ஸெ' என்னும் உரைநடை நூல் எழுந்தது. ஆலயச் சுவரை ஒட்டிய சிற்றறைக்குள் வாழ்நாள் முழுதும் அடைபட்டு நோன்பிருந்த பெண்களுக்கான வழிகாட்டி அது. முதலில் மூன்று உடன்பிறந்த சகோதரியருக்காக எழுதப்பட்டது. நூல் எட்டுப் பகுதிகளாக அமைந்தது: முதலும் இறுதியும் புற ஒழுக்கம் பற்றியவை, நடுவில் உள்ள ஆறும் உள்ளத்தைப் பற்றியவை. ஆசிரியர் கண்டிப்பானவர், ஆனால் மனிதரை அறிந்தவர். கால்நடை வளர்த்தால் அண்டைவீட்டாரோடு வழக்கு வரும், மனம் உலகில் சிக்கும் என்று தடுக்கும் அவர், ஒரு பூனைக்கு மட்டும் இடங்கொடுக்கிறார். 

இது ஏன் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது? பெண்களுக்கு இலத்தீன் கல்வி பெரும்பாலும் மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே அவர்களுக்காக எழுதியவர்கள் மக்கள் மொழியில் எழுதினர். கல்விக்கூடத்தின் வாயில் அடைக்கப்பட்டவர்களே ஆங்கில உரைநடை தொடர்வதற்குக் காரணமாயினர் என்பது இவ்வரலாற்றின் பெரிய முரண். இந்நூல் பின்னர் பிரெஞ்சிலும் இலத்தீனிலும் மொழிபெயர்க்கப்பட்டது. மேலிருந்து கீழே பாய்வதே வழக்கமாயிருந்த காலத்தில் இது எதிர்த்திசைப் பயணம்.

பின்னாளில் புனைகதைகளால் உலகப் புகழ் பெற்ற டோல்கீன் இத்துறையின் பேராசிரியர். அவர் 1929இல் எழுதிய கட்டுரையில், இந்நூலின் கேம்பிரிட்ஜ் சுவடி ஒன்றையும், வேறு நூல்களைக் கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு சுவடி ஒன்றையும் ஒப்பிட்டார். எழுதிய கைகள் வேறு. எழுத்துக்கூட்டும் இலக்கணமும் ஒன்று. இரண்டு மனிதர்கள் தற்செயலாக இவ்வளவு ஒத்து எழுத முடியாது. ஓரிடத்தில் ஒரே பயிற்சி பெற்றிருந்தால்தான் முடியும் என்று அவர் முடிவு கூறினார். ஆட்சிமொழி என்ற தகுதி இல்லாத காலத்திலும் ஒரு சிறு வட்டாரத்தில் ஆங்கிலத்துக்கு ஓர் ஒழுங்கான எழுத்துப்பயிற்சி இருந்தது என்பது அதனால் வெளிப்பட்டது.

இங்கே ஒரு தெளிவு தேவை. ஆங்கிலத்தைப் பிரெஞ்சு நசுக்கியது என்று போர்க்களம் போலச் சித்திரிப்பது பிற்கால நாட்டுப்பற்றின் வேலை. அக்காலத்துக் கற்றவர்கள் மூன்று மொழிகளிலும் புழங்கினர். 1340ஐயொட்டி லட்லோ நகரில் ஓர் எழுத்தர் தொகுத்த சுவடியில் இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்து வருகின்றன. ஆங்கிலக் காதற்பாடல்களுள் மிகச் சிறந்த சில அதில்தான் காக்கப்பட்டுள்ளன. அவருக்கு எந்த மொழியும் பகையாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

அரசு எடுத்த நடவடிக்கைகளை விரைவாகக் கடந்து செல்கிறேன். 1258இல் மூன்றாம் ஹென்றியின் அறிக்கை ஒன்று ஆங்கிலத்திலும் வெளியானது. 1362இல் நீதிமன்ற வழக்காடல் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்று சட்டம் வந்தது. அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது. நாற்காலியிலிருந்து பிறக்கும் ஆணைகளை விட வகுப்பறையில் நடந்த ஒரு மாற்றம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆசிரியர்கள் இதைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

செஸ்டர் நகரத் துறவி ரனுல்ஃப் ஹிக்டன் இலத்தீனில் ஓர் உலக வரலாறு எழுதினார். பள்ளிப் பிள்ளைகள் தம் தாய்மொழியை விட்டுப் பிரெஞ்சு வழியாக இலத்தீனைப் படிக்க நேர்ந்ததை அதில் குறைகூறினார். அந்நூலை ஜான் ட்ரெவிசா ஆங்கிலத்தில் பெயர்த்து 1387இல் முடித்தார். மேற்படி இடம் வந்ததும் அவர் நிறுத்தி, தம் காலத்து நிலையைத் தாமே சேர்த்து எழுதுகிறார்: 1348-49இல் வந்த பெருங்கொள்ளைநோய்க்குப் பின் நிலைமை மாறிவிட்டது, ஜான் கார்ன்வால் என்னும் இலக்கண ஆசிரியர் பாடத்தைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினார், அவரிடமிருந்து ரிச்சர்டு பென்கிரிச்சும் அவரிடமிருந்து மற்றவர்களும் அம்முறையைக் கற்றனர், 1385ஆம் ஆண்டாகிய இப்போது இங்கிலாந்தின் இலக்கணப் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. 

இதோடு அவர் நிற்கவில்லை. ஊதியம், இழப்பு இரண்டையும் கணக்கிடுகிறார். பிள்ளைகள் இலக்கணத்தை முன்னைவிட விரைவாகக் கற்கிறார்கள், அது ஊதியம். பிரெஞ்சு அவர்களின் குதிகாலுக்குத் தெரியும் அளவுக்குத்தான் அவர்களுக்கும் தெரியும், கடல் கடந்து போக நேர்ந்தால் அவதிதான், அது இழப்பு. பயிற்றுமொழி பற்றிய விவாதங்களில் இவ்வளவு நேர்மையான கணக்கு அரிது. தம் தரப்பின் இழப்பை மறைக்காமல் எழுதிய அந்தக் கிராமப் பாதிரியாரை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த ஆண்டுகளில்தான் சாசர் எழுதிக்கொண்டிருந்தார். இலண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்கதிகாரியாக 1374 முதல் பணியாற்றியவர் அவர். நாடெங்கிலுமிருந்து வரும் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும். 'கேண்டர்பரிக் கதைகள்' நூலில் பண்ணைக் காரியக்காரர் சொல்லும் கதையில், கேம்பிரிட்ஜில் படிக்கும் வடநாட்டு மாணவர் இருவர் வருகின்றனர். அவர்களை அவர் வடநாட்டு வழக்கிலேயே பேச வைக்கிறார். இலண்டன் வாசகர் சிரித்திருப்பர். அவ்வழக்கை எவ்வளவு நுட்பமாக அவர் கேட்டறிந்திருந்தார் என்பதை 1934இல் டோல்கீன் விரிவாக ஆராய்ந்து காட்டினார். ஆனால் கதையில் ஏமாற்ற முயன்று தோற்பவன் பெருமைக்கார ஆலைக்காரன். வெல்பவர்கள் அந்த மாணவர்களே. வழக்கைக் கண்டு சிரித்தாலும் அதைப் பேசுபவரைச் சாசர் மூடராக்கவில்லை. 

இன்னொன்று. 'அவன் போகிறான்' என்பதற்கு இலண்டன்காரரான சாசர் எழுதியது 'கோயெத்' என்பது போன்ற விகுதி. அந்த மாணவர் வாயில் அவர் வைத்தது 'ஸ்' என்று முடியும் வடநாட்டு விகுதி. இன்று உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் மாணவர்க்கு வலியுறுத்தும் விகுதி எது? அந்த வடநாட்டு 'ஸ்' தான். சாசர் காலத்தில் நகைப்புக்குரியதாக இருந்ததை விட்டுவிட்டால் இன்று மதிப்பெண் குறைகிறது.

சாசரின் கையெழுத்தில் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. 'கேண்டர்பரிக் கதை'களுக்கு 80க்கு மேற்பட்ட சுவடிகள், முழுமையாகவோ சிதைந்தோ, உள்ளன. எல்லாம் பிறர் எழுதியவை. ஆங்கிலத்தில் இவ்வளவு வேறுபாடு இருக்கிறதே, என் நூலைத் தவறாக எழுதிவிடப் போகிறார்களே என்று அவரே ஒரு காவியத்தின் இறுதியில் கவலைப்படுகிறார். அவருடையதாகக் கருதப்படும் ஒரு சிறு செய்யுள், அவசரத்தில் பிழைசெய்யும் எழுத்தரைக் கடிந்துகொள்கிறது. தோல்தாளைச் சுரண்டிச் சுரண்டித் திருத்த வேண்டிய வேலை அவர் தலையில் விழுந்ததாம்.

நெடுங்காலம் அறிஞர்களும் எழுத்தரை இப்படித்தான் கண்டனர். பாடபேதம் என்றால் கறை. அதைக் கழுவி மூலத்தை மீட்பதே பதிப்பாசிரியர் கடமை. மூலபாடம் காண்போர்க்கு அது சரியே. ஆனால் 1952இல் எடின்பரோவின் ஆங்கஸ் மெக்கின்டாஷும் அவருடன் சாமுவெல்ஸும் வேறொரு கேள்வியுடன் தொடங்கினர். எழுத்தர் மூலத்தை மாற்றினார் என்றால், எதுவாக மாற்றினார்? பலர் தம் ஊர் வழக்கிற்கு முறையாகப் பெயர்த்தே எழுதினர். அப்படியானால் அந்தச் சுவடி ஆசிரியரின் மொழிக்குச் சான்றன்று. எழுத்தரின் ஊர் மொழிக்கு நேர்ச்சான்று. 

அவர்கள் செய்த வேலையின் முறை எளிது, உழைப்பு பெரிது. 'அவள்', 'அவர்கள்', 'ஊடாக', 'ஆயினும்' போன்று அடிக்கடி வரும் சொற்களுக்கு ஒரு வினாநிரல் வகுத்தனர். எழுதப்பட்ட இடம் உறுதியாகத் தெரிந்த பத்திரங்களிலிருந்து அச்சொற்களின் வடிவங்களைத் திரட்டி நிலப்படத்தில் குறித்தனர். இடம் தெரியாத சுவடியை எடுத்து, அதன் ஒவ்வொரு வடிவமும் எங்கே வழங்கவில்லையோ அந்தப் பகுதிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தனர். இறுதியில் எஞ்சும் சிறு பரப்பே அந்த எழுத்தர் பயிற்சி பெற்ற இடம். பென்ஸ்கினும் இணைந்து, நான்கு தொகுதிகளாக 1986இல் இந்த மொழியியல் நிலப்படத் தொகுப்பு வெளிவந்தது. 'ஊடாக' என்னும் பொருள்தரும் ஒரே சொல்லுக்கு 500க்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டுகள் அதில் பதிவாகியுள்ளன.

500 பிழைகளா அவை? பொதுவழக்கு என்று ஒன்று இல்லாத இடத்தில் பிழை என்ற சொல்லுக்கே பொருளில்லை. நம் வகுப்பறைகளில் சிவப்பு மையால் சுழிக்கப்படுபவற்றுள் பல பிழைகளே, திருத்தத்தான் வேண்டும். சில மட்டும் மாணவர் வீட்டில் கேட்கும் தமிழின் தடங்கள். சுழிப்பதற்கு முன் அவர் வீட்டார் எந்த ஊர்த் தமிழ் பேசுகின்றனர் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த முறையால் விளங்கிய சுவடிகளுள் ஒன்று, 'சர் கவைனும் பச்சை வீரனும்' என்னும் காவியத்தைக் கொண்டது. அதன் மொழி செஷயர், ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டங்கள் சந்திக்கும் பகுதிக்குரியது என்று கணித்தனர். கவிஞர் பெயர் தெரியாது. சுவடி ஒன்றே ஒன்று. ராபர்ட் காட்டன் சேர்த்த நூலகத்தில் அது இருந்தது, 1731இல் அந்நூலகத்தில் தீப்பற்றியபோது பல சுவடிகள் அழிந்தன, கருகின, இது தப்பியது. 1839இல்தான் முதன்முதலாக அச்சேறியது. சாசருக்குச் சிறிதும் குறையாத கலைஞர் அவர் என்பது என் கருத்து. ஆயினும் இன்றைய ஆங்கில மாணவர் சாசரை அடிக்குறிப்புடன் படித்துவிடுவார். கவைன் கவிஞரைப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பில்தான் படிப்பார். சாசரின் வழக்கு தலைநகரின் வழக்கு; பின்னர் அலுவலகமும் அச்சகமும் அதன் பக்கம் நின்றன. கவிதையின் தரம் அதை முடிவு செய்யவில்லை.

அச்சகம் என்றதும் காக்ஸ்டன். 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்தவர். 1490இல் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில் அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். கடல் கடந்து போகவிருந்த வணிகர் சிலர் காற்றில்லாமையால் தேம்ஸ் கரையில் இறங்கினர். ஒருவர் ஒரு வீட்டில் 'எக்' வேண்டும் என்று முட்டை கேட்டார். வீட்டுக்கார அம்மாள், எனக்குப் பிரெஞ்சு தெரியாதே என்றார். அவருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. உடனிருந்த வேறொருவர் 'எய்ரன்' என்று கேட்ட பிறகுதான் அம்மாளுக்கு விளங்கிற்று. இப்படியிருக்க நான் எந்தச் சொல்லை அச்சிடுவது என்று காக்ஸ்டன் திகைக்கிறார். 'எய்ரன்' பழைய ஆங்கிலத்தின் வழிவந்த சொல். 'எக்' ஸ்காண்டிநேவியரிடமிருந்து வடநாட்டுக்கு வந்தது. தேம்ஸ் கரையில் புரியாத அந்தச் சொல்லே இறுதியில் நிலைத்தது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி 2001இல் நிறைவுற்றது. இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். மெக்கின்டாஷ் குழுவினரின் நிலப்படங்களும் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இணையப் பதிப்பாக உள்ளன. இன்றிரவு முட்டைக்கான அந்த இரண்டு சொற்களையும் தேடி, எவை எந்த மாவட்டங்களில் வழங்கின என்று பாருங்கள். ஐயங்கள் இருப்பின் இப்போது கேட்கலாம்.